குறைந்த காசில் நூறு சீட்டு
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில், மாணவர் விளையாட்டுக் குழுவினர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் முன் வரிசையில் சிலர் புருவத்தைத் தூக்கியதைப் பார்த்தேன். "கல்லூரி விழாவில் சீட்டாட்டமா?" என்கிற கேள்வி அந்தப் புருவத்தில் இருந்தது. பயப்பட வேண்டாம். நான் பேசப்போவது காசு வைத்து ஆடும் சீட்டைப் பற்றி அல்ல. ஆனால் காசைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நம் விடுதி மாணவர்கள் சில காலமாக 'மேஜிக்: த கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டை ஆடி வருகிறார்கள். குழுவை நடத்தும் தம்பிகள் போன மாதம் என்னிடம் ஒரு செய்தி சொன்னார்கள். ஒருவர் விலை உயர்ந்த கட்டு ஒன்றை வரவழைத்துக் கொண்டுவந்த பிறகு, ஆட வந்துகொண்டிருந்த இரண்டு மூன்று பேர் வருவதையே நிறுத்திவிட்டார்களாம். இன்னொரு பையன் மெஸ் பில்லுக்கு வீட்டிலிருந்து வந்த பணத்தைச் சீட்டுப் பாக்கெட் வாங்கிச் செலவழித்துவிட்டானாம். "அண்ணே, காசு இல்லாதவன் இதை ஆடவே முடியாதா?" என்று கேட்டார்கள். முடியும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். எப்படி என்பதையும் கணக்கோடு சொல்கிறேன்.

பெரியவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. நாம் ஆடிய ரம்மியிலும் கழுதையிலும் எல்லோருக்கும் ஒரே சீட்டுக்கட்டு. குலுக்கிப் போட்டால் வந்தது வந்ததுதான். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆயிரக்கணக்கான சீட்டுகள் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. இதை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர், கணிதத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர், கல்லூரி ஆசிரியர். 1993-ல் 'விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' என்ற சிறு நிறுவனம் இதை வெளியிட்டது. அவர் முதலில் வேறொரு பலகை விளையாட்டைத்தான் கொண்டுபோய்க் காட்டினார். அதை அச்சடிக்க அந்த நிறுவனத்திடம் பணம் இல்லை. செலவு குறைவாக, பைக்குள் போட்டு எடுத்துப்போகும்படி ஒன்று செய்து தாருங்கள் என்று கேட்டதால் பிறந்தது இது. சிக்கனத்தில் பிறந்த விளையாட்டு என்பதை மறக்க வேண்டாம்!

ஆட்டத்தின் எரிபொருளுக்கு 'மானா' என்று பெயர். அது நிலச்சீட்டுகளிலிருந்து கிடைக்கும். நிலம் ஐந்து வகை: சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. தமிழ்த்துறைப் பேராசிரியர் சிரிக்கிறார், எனக்குப் புரிகிறது. மலை குறிஞ்சி, காடு முல்லை, சமவெளி மருதம், தீவு நெய்தல் என்று அழகாகப் பொருந்தி வந்து, சதுப்பு மட்டும் பாலையோடு ஒட்டாமல் போய்விடுகிறது. குறிஞ்சி நிலத்துக்காரர்களான நமக்குச் சிவப்பு நிற மலைச்சீட்டு இயல்பாகவே பிடித்துப்போகும். கொடைக்கானலில் 2018-ல் பூத்த குறிஞ்சி மறுபடி 2030-ல்தான் பூக்கும். அதுவரை இந்த மலையை வைத்து ஆடலாம்.

நம் மாணவர்கள் ஆடுவது இதில் 'கமாண்டர்' என்ற வகை. நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் எதிராக ஆடுவது. அலாஸ்காவில் சில நண்பர்கள் பொழுதுபோக்காகத் தொடங்கி, ஷெல்டன் மெனரி என்பவர் உலகெங்கும் பரப்பியது; அவர் 2023-ல் காலமானார். நிறுவனம் இதற்கென்றே ஆயத்தக் கட்டுகளை 2011-லிருந்து வெளியிட்டு வருகிறது. விதி எளிது. ஒரு தலைவன் சீட்டு, அதோடு 99 சீட்டு, மொத்தம் நூறு. அடிப்படை நிலங்களைத் தவிர எந்தச் சீட்டும் ஒன்றுக்கு மேல் கூடாது. தலைவனின் நிறத்துக்குள் அடங்காத சீட்டைச் சேர்க்கக் கூடாது. ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி. தலைவன் மட்டும் கட்டுக்குள் ஒளிந்திருக்க மாட்டான். எப்போதும் கண்முன்னே தனியாக இருப்பான், மானா சேர்ந்ததும் இறக்கலாம். நம்மூர் ஆட்டத்தில் துருப்பு திறந்து வைத்திருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி காசுக் கணக்கு. இந்தச் சீட்டுகளின் விலை ஏன் அப்படி ஏறுகிறது? அச்சுச் செலவா? இல்லை. அரிதாக இருப்பதால் ஏறுகிறது. நாம் சின்ன வயதில் தீப்பெட்டிப் படமும் சிகரெட் அட்டையும் சேர்த்து ஆடியதில் இதே சங்கதிதான். எல்லார் வீட்டுக் குப்பையிலும் கிடைக்கும் அட்டைக்கு மதிப்பு குறைவு, எங்கேயோ ஒருத்தர் பிடித்துப் போட்ட வெளிநாட்டு அட்டைக்கு மதிப்பு அதிகம். 1993-ல் அச்சான 'பிளாக் லோட்டஸ்' என்ற ஒற்றைச் சீட்டு, பழுதில்லாத பிரதி, 2024-ல் முப்பது லட்சம் டாலருக்கு விற்றது. குறிப்பிட்ட சில பழைய சீட்டுகளை இனி அச்சிடவே மாட்டோம் என்று நிறுவனம் 1996-லேயே பட்டியல் போட்டு வாக்குக் கொடுத்துவிட்டது; அவை இறங்கவே இறங்காது என்று நம்பி வாங்குவோர் உண்டு. அது சேகரிப்பவர்களின் உலகம். ஆடுகிறவனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

விலை உயர்ந்தது என்றால் பத்திரமானது என்றும் எண்ணிவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் கமாண்டர் விதிக்குழு 'மானா கிரிப்ட்', 'ஜூவல்டு லோட்டஸ்', 'டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட்' போன்ற விலை உயர்ந்த சீட்டுகளை ஒரே நாளில் தடை செய்தது. ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்தவர்களின் சீட்டு உடனே விலை சரிந்தது. கோபம் எவ்வளவு தூரம் போனதென்றால், குழு உறுப்பினர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. அந்த மாத இறுதிக்குள் விதி வகுக்கும் பொறுப்பே நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஒரு சீட்டு விளையாட்டுக்காக மனிதரை மிரட்டுகிற அளவுக்கு அதில் பணம் போய்ச் சேர்ந்திருந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்து, பாக்கெட் வாங்கும் பழக்கம். மூடிய பாக்கெட்டை வாங்கிப் பிரித்து, உள்ளே அரிய சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. நம் மாநிலத்தில் 2003-ல் லாட்டரிச் சீட்டை ஏன் தடை செய்தார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். கூலி வாங்கின கையோடு சுரண்டல் லாட்டரிக் கடைக்குப் போனவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பாக்கெட் பிரிப்பதில் இருக்கும் படபடப்பும் அந்த ஜாதிதான் என்பது என் கருத்து. பிறந்தநாளுக்கு ஒன்று பிரித்து மகிழலாம், தவறில்லை. கட்டு அமைக்க வேண்டுமானால், தேவையான சீட்டைப் பெயர் சொல்லித் தனித்தனியாக வாங்குங்கள். பெருநகரக் கடைகளில் உதிரிச் சீட்டு கிடைக்கும். பழனிக்குத் தபாலில் வரவழைக்க வேண்டும், ஆகவே நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் தபால் செலவு நாலாகப் பிரியும்.

நான் சொல்லும் வரம்பு இரண்டாயிரம் ரூபாய். ஒரே நிறத்தில் கட்டு அமையுங்கள். 37 அடிப்படை நிலம். இது அநேகமாக இனாம், பழைய ஆட்டக்காரர்களிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மீதி, தலைவனையும் சேர்த்து 63 சீட்டு. சராசரியாக ஒரு சீட்டுக்கு 32 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்த விலைக்குள் நல்ல சீட்டுகள் ஏராளம்.

ஏன் ஒரே நிறம்? இரண்டு மூன்று நிறம் கலந்தால், இரண்டு நிற மானாவும் தரும் நிலச்சீட்டு வேண்டும். அவற்றில் வேகமானவை விலை அதிகம். மலிவானவை இறக்கிய முறையில் வேலை செய்யாமல், அடுத்த முறைக்குத்தான் பயன்படும். மலைக்கோயிலுக்கு வின்ச்சிலும் போகலாம், யானைப்பாதையில் நடந்தும் போகலாம், இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. ஆனால் எதிரே மூன்று பேர் வின்ச்சில் போகும்போது நீங்கள் மட்டும் நடந்தால் முதல் நாலைந்து முறையில் பின்தங்கிவிடுவீர்கள். ஒரே நிறக் கட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. கோடீஸ்வரன் வைத்திருக்கும் மலைச்சீட்டும் உங்கள் மலைச்சீட்டும் ஒரே வேகம்.

இப்போது கணக்கு வாத்தியார் மாதிரி கொஞ்சம் கரும்பலகைப் பக்கம் போகிறேன். கையில் முதலில் ஏழு சீட்டு வரும். 99-ல் 37 நிலம் என்றால், அந்த ஏழில் சராசரி 2.6 நிலம் இருக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் "நிலம் போரடிக்குது" என்று முப்பதாகக் குறைப்பார்கள். அப்போது சராசரி 2.1. நல்ல சீட்டெல்லாம் கையில் இருக்கும், இறக்க மானா இருக்காது. விலை உயர்ந்த சீட்டு இல்லாததால் தோற்றோம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் இனாமாகக் கிடைக்கும் ஏழு நிலச்சீட்டு குறைந்ததால் தோற்றிருப்பார்கள்.

அடுத்தது மானாவைச் சீக்கிரம் பெருக்கித் தரும் சீட்டுகள். இதில் ஐந்து வைத்தால், முதல் பத்துச் சீட்டுக்குள் ஒன்றாவது வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 42. பத்து வைத்தால் 67. வித்தியாசம் தெரிகிறதா? 'சோல் ரிங்' என்ற சீட்டு ஒரு மானா கொடுத்து இறக்கினால் முறைக்கு இரண்டு மானா தரும்; ஆயத்தக் கட்டுகளில் வழக்கமாகவே வைக்கிறார்கள், அதனால் எளிதாகக் கிடைக்கும். பச்சை நிறக்காரர்களுக்கு 'ரேம்பன்ட் குரோத்', 'கல்டிவேட்' இரண்டும் சாதாரணச் சீட்டுகள்தான்.

இன்னொரு கணக்கு. 99 சீட்டில் உங்களிடம் ஒரே ஒரு விலை உயர்ந்த சீட்டு இருக்கிறது. ஏழு முறை ஆடி முடிப்பதற்குள் மொத்தம் 14 சீட்டு பார்த்திருப்பீர்கள். அந்தச் சீட்டு அதற்குள் கண்ணில் படும் வாய்ப்பு நூற்றுக்கு 14, அதாவது ஏழு ஆட்டத்தில் ஒரு ஆட்டம். மற்ற ஆறு ஆட்டத்தில் அது கட்டுக்குள்ளேயே தூங்கும். அதே பணத்துக்கு, கட்டிலிருந்து கூடுதலாகச் சீட்டு எடுக்க உதவும் மலிவுச் சீட்டு பத்து வாங்கினால், பெரும்பாலான ஆட்டங்களில் ஒன்றிரண்டு கைக்கு வரும். நூறு சீட்டில் ஒன்றுக்கு மேல் கூடாது என்ற விதி ஏழைக்குச் சாதகமான விதி என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆக, 37 நிலம், மானா பெருக்கப் பத்து, சீட்டு எடுக்கப் பத்து, எதிராளியின் ஆபத்தை நீக்க ஒன்பது, மேசையையே துடைத்து எடுக்க மூன்று. இதுவரை 69. மீதி முப்பதும் தலைவனுக்கு ஒத்துழைக்கும் சீட்டுகள். நம்மூர்ப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதில் என்ன கிடைக்காத பொருளா இருக்கிறது? மலைவாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். அளவு தப்பினால் பஞ்சாமிர்தம் ஆகாது, அவ்வளவுதான்.

தலைவனை எப்படித் தேர்ந்தெடுப்பது? மலிவுச் சீட்டுக்குக் கூலி கொடுக்கும் தலைவனைத் தேடுங்கள். இரண்டு உதாரணம், இரண்டும் 2012-ல் வந்தவை. நீல நிறத்தில் 'டால்ரண்ட்'. மந்திரச் சீட்டு ஒன்றை நீங்கள் போடும்போதெல்லாம் பறக்கும் பிராணி ஒன்றை, இரண்டுக்கு இரண்டு பலத்தோடு, இலவசமாகத் தருவான். நீலத்தில் ஒரு மானா, இரண்டு மானாவுக்கு 'ஆப்ட்', 'பாண்டர்', 'கவுண்டர்ஸ்பெல்' என்று சாதாரணச் சீட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வேலையையும் செய்து, ஒரு பறவையையும் பெற்றுத்தரும். ஒரு சீட்டு இரண்டு சீட்டாக வேலை செய்கிறது, விலை மட்டும் ஒன்றுக்குத்தான்.

இன்னொருவன் சிவப்பு நிறத்து 'கிரெங்கோ', பூதக்கூட்டத்தின் தலைவன். அவனைச் சாய்த்து வேலை வாங்கினால், உங்களிடம் எத்தனை பூதம் இருக்கிறதோ அத்தனை புதிய பூதம் வரும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். சதுரங்கப் பலகையில் நெல்மணி கேட்ட கதை ஞாபகம் வருகிறதா? ஏழாவது தடவை 128 பூதம் நிற்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இவன் மேசைக்கு வந்த நிமிடமே மூன்று பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். டால்ரண்டை அவ்வளவு சீக்கிரம் யாரும் சந்தேகிப்பதில்லை. நான் டால்ரண்ட் கட்சி.

இந்த இடத்தில்தான் நாலு பேர் ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. இருவர் ஆட்டத்தில் எதிராளியின் ஒரு சீட்டை என் ஒரு சீட்டால் அழித்தால் கணக்கு சமம். நாலு பேர் ஆட்டத்தில் எனக்கு ஒன்று போச்சு, ஒருவருக்கு ஒன்று போச்சு, சும்மா இருந்த மற்ற இரண்டு பேருக்கும் லாபம். ஆகவே கண்டதையெல்லாம் அழிக்காதீர்கள், உங்களைக் கொல்ல வருவதை மட்டும் அழியுங்கள். எதிராளிகளின் உயிர் மொத்தம் 120. ஒவ்வொன்றாகக் குத்தித் தீர்க்க முடியாது. "ஒவ்வொரு எதிராளிக்கும்" என்று எழுதியிருக்கும் சீட்டுகளைத் தேடுங்கள். கறுப்பு நிறத்தில் 'கிரே மெர்ச்சன்ட் ஆஃப் அஸ்ஃபோடெல்' என்று ஒரு சாதாரணச் சீட்டு. வேறு துணையில்லாமல் தனியாக இறக்கினாலும் ஒவ்வொரு எதிராளியிடமும் இரண்டு உயிர் உறிஞ்சும்; இருவர் ஆட்டத்தில் அது இரண்டு, நாலு பேர் ஆட்டத்தில் ஆறு, அந்த ஆறும் உங்கள் கணக்கில் ஏறும். விலை அதேதான், வேலை மூன்று மடங்கு. சிவப்பில் 'பிளாஸ்ஃபமஸ் ஆக்ட்' இன்னொன்று. பேருக்கு ஒன்பது மானா; மேசையில் இருக்கும் ஒவ்வொரு பிராணிக்கும் ஒன்று குறையும். மேசையில் எட்டு இருந்தால் ஒரே மானாவுக்கு மொத்தத்தையும் துடைத்துவிடலாம். பலமுறை மறுபதிப்பு ஆனதால் விலையும் தணிந்துவிட்டது.

இன்னொன்று, இது எந்தப் புத்தகத்திலும் விலைக்குக் கிடைக்காது. மேசையில் பெரிய கட்டு வைத்திருப்பவரை மற்ற மூவரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எளிமையாக உட்கார்ந்திருப்பவரை விட்டுவிடுவார்கள். அவர்கள் மூவரும் அடித்துக்கொண்டு ஓயும்வரை பொறுத்திருங்கள். நான் ஆடிய மேசைகளில் முதல் அடி விலை உயர்ந்த கட்டுக்குத்தான் விழும்.

வண்ண நகல் எடுத்து ஆடலாமா என்றும் கேட்டிருந்தார்கள். அதிகாரப்பூர்வப் போட்டிகளில் கூடாது. நண்பர்கள் மேசையில், முன்கூட்டியே சொல்லி, மூவரும் சரி என்றால் ஆடுங்கள். ஒரு சீட்டை வாங்கும் முன் சோதித்துப் பார்க்கவும் அது நல்ல வழி. வெள்ளைத்தாளில் பேனாவால் பெயர் எழுதிச் செருகினாலும் போதும். ஆனால் அசல் மாதிரியே அச்சடித்து அசல் என்று விற்பது திருட்டு, அதை நம் வளாகத்துக்குள் அனுமதிக்காதீர்கள்.

மலிவுக் கட்டு என்பது ஏதோ இரண்டாந்தரம் என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. நம் நாட்டில் 'கஞ்சிபா' என்ற வட்டச்சீட்டு ஆட்டம் மொகலாயர் காலத்தில் செழித்தது. எட்டு வகுப்பு, 96 சீட்டு. தசாவதாரக் கஞ்சிபா என்றால் பத்து வகுப்பு, 120 சீட்டு. அரண்மனைக்குத் தந்தத்திலும் ஆமை ஓட்டிலும் செய்த கட்டுக்குத் 'தர்பார் கலம்' என்று பெயர். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய துணியிலும் காகிதத்திலும் செய்து சந்தையில் விற்றதற்கு 'பஜார் கலம்'. இரண்டிலும் ஆட்ட விதி ஒன்றுதான். அரசரிடம் தந்தத்தில் இருந்த அமைச்சர் சீட்டுக்கும், சந்தைக்காரரிடம் துணியில் இருந்த அமைச்சர் சீட்டுக்கும் பலம் ஒன்றே. நம் காலத்து ஆட்டத்தில் அந்த நியாயம் இல்லை, பணம் கொஞ்சம் பலத்தையும் வாங்கித்தான் தருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே மேசைதான் அந்த நியாயத்தைச் செய்ய வேண்டும். குழுவுக்கு என் யோசனை இது: வாரத்தில் ஒரு நாள் இரண்டாயிரம் ரூபாய்க் கட்டுகளுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். பட்டியலை எழுதிக் காட்டட்டும். விலை உயர்ந்த கட்டு வைத்திருக்கும் தம்பியை ஒதுக்காதீர்கள், அவரும் அன்று ஒரு மலிவுக் கட்டோடு வரட்டும். பட்டியல் போட நன்றாகத் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார். வருவதை நிறுத்திவிட்டவர்களுக்குக் கட்டு அமைத்துக் கொடுக்கும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள்.

முன்னாள் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறைக்கு வரும்போது, அங்கே ஆடுகிறவர்கள் மிச்சமென்று ஒதுக்கும் சாதாரணச் சீட்டுகளையும் அடிப்படை நிலங்களையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து விடுதியில் வையுங்கள். அங்கே குப்பை, இங்கே நாற்பது பேருக்குக் கட்டு.

டால்ரண்ட் கட்டு ஒன்றும் கிரெங்கோ கட்டு ஒன்றும், இரண்டும் நான் சொன்ன வரம்புக்குள், என் பையில் இருக்கின்றன. சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு விடுதிப் பொதுக்கூடத்தில் உட்காருவேன். இன்னும் இரண்டு பேர் சொந்தக் கட்டோடு வந்தால் மேசை நிறைந்துவிடும். பேராசிரியர்கள் வந்தால் கிரெங்கோவை அவர்களுக்கே தந்துவிடுகிறேன்.